ஹெகல் வாத்தியாரும் ஒரு பிடி அரிசியும்

ஆதார் அட்டைக்காக நந்தன் நீலேகனிக்கு நன்றி சொல்பவர்கள், கொஞ்சம் பின்னால் போய் யோஹான் காட்லீப் ஃபிக்டே என்ற ஜெர்மன்காரருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். ரிப்பன் நெய்கிறவர் மகன். சின்ன வயதில் வாத்து மேய்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்த பிறகு கோயிலுக்கு வந்து சேர்ந்த ஒரு ஜமீன்தாருக்கு "அந்த வாத்துக்காரப் பையன் அப்படியே ஒப்பிப்பான்" என்று ஊரார் கை காட்டினார்கள். பையன் ஒப்பித்தான். ஜமீன்தார் சொக்கிப்போய்ப் படிக்க வைத்தார். படித்த பையன் பிற்காலத்தில் ஜேனா பல்கலைக்கழகத்தில் வாத்தியாராகி, 1796-97-ல் இயற்கை உரிமை பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார்.

அதில்தான் அந்த அட்டை வருகிறது. ஒவ்வொரு குடிமகனும் எங்கே போனாலும் கையில் அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும். ஆளின் முகத்தை எழுத்தில் வர்ணித்தால் எப்படியும் சரியாக வராது. ஆகவே காசு கொடுக்க வசதியுள்ள பெரிய மனிதர்களுக்கு ஓவியர் வரைந்த படத்தையே சேர்த்துவிடலாம். இப்படிச் செய்துவிட்டால் எந்தக் குடிமகன் எந்த நேரத்தில் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது போலீசுக்கு ஏறக்குறையத் தெரிந்திருக்கும். கேமரா கண்டுபிடிக்கவே இன்னும் பல வருடம் இருந்தபோது எழுதியது இது.

ஃபிக்டேயை வெறும் ஏட்டையா மூளை என்று ஒதுக்கவும் முடியாது. மஃப்டி போலீஸ் கூடாது, உடுப்பு போட்டுத்தான் வரவேண்டும் என்றவர் அவர். உழைக்கத் தயாராக இருந்தும் ஒருவனால் பிழைக்க முடியவில்லையென்றால், "அடுத்தவன் சொத்தைத் தொடாதே" என்று அவனிடம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை என்றும் அதே புத்தகத்தில் எழுதினார். அதாவது அரசு எல்லார் வயிற்றையும் நிரப்பும். நிரம்பியதா என்று பார்க்க ஆளுக்கொரு போலீசும் வரும்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி, ஹெகல். ஹெகல் சிரித்தார் என்பதே செய்திதான். 1801-ல், பிழைப்புத் தேடி ஜேனாவுக்கு வந்த புதிதில், ஃபிக்டேயின் கணக்கைக் கையில் எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்: ஒரு குடிமகனைக் கண்காணிக்க அரை டஜன் பேராவது வேண்டும், அந்த அரை டஜனில் ஒவ்வொருவரையும் கண்காணிக்க இன்னொரு அரை டஜன், அவர்களுக்கு? அப்போதும் ஆசை தீரவில்லை. 1820-ல் பெர்லினில் 'உரிமைத் தத்துவம்' புத்தகத்துக்கு முன்னுரை எழுதும்போது மறுபடியும் அந்தப் படம் போட்ட சீட்டை இழுத்தார். குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாதி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பிளேட்டோ சொன்னதையும் கூடவே சேர்த்து, தத்துவவாதிக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்றார். போகிற போக்கில் ஒரு கைவேலையும் செய்தார். ஃபிக்டே பெரிய மனிதர்களுக்குச் சொன்ன படத்தைச் சந்தேகப் பேர்வழிகளுக்கு மாற்றி ஒட்டிவிட்டார். செத்துப்போனவர் மறுப்பு வெளியிட மாட்டார் அல்லவா? ஃபிக்டே 1814-லேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இவ்வளவு கேலி செய்தவர் தன் புத்தகத்தில் போலீசுக்குக் கொடுத்த வேலைப் பட்டியலைப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, பாலம் நிற்கிறதா, அன்றாடச் சாமான் விலை எகிறுகிறதா, ஊர் ஆரோக்கியம் எப்படி, பெற்றோர் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்களா, ஊதாரி ஒருவன் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துகிறானா. நம் ஊர்க் கணக்கில் எஸ்.ஐ., கலெக்டர், ரேஷன் கடை, நகராட்சி, சுகாதார ஆய்வாளர் எல்லாரும் ஒரே சட்டைக்குள். அந்தக் காலத்து ஜெர்மனியில் போலீஸ் என்றாலே இத்தனையும்தான். திருடனைப் பிடிப்பது அதில் ஒரு சில்லறை வேலை. எது கெடுதல், எது கெடுதல் இல்லை என்பதற்குக் கோடு கிழிக்க முடியாது, ஆகையால் போலீஸ் எதில் வேண்டுமானாலும் மூக்கை நுழைக்கும், ஜனங்களும் கரித்துக்கொட்டுவார்கள் என்பதை ஹெகல் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

அவருக்கே அது பட்டுத் தெரிந்த சமாச்சாரம். 1819-க்குப் பிறகு பிரஷ்ய அரசு கலகக்காரர்களைத் தேடுகிறேன் பேர்வழி என்று மாணவர்களை அள்ளிக்கொண்டு போய்ச் சிறையில் போட்டது. அதில் ஹெகலின் மாணவர்களும் உண்டு. ஒரு நாள் நள்ளிரவில், அரசுச் சம்பளம் வாங்கும் இந்தப் பேராசிரியர், மற்ற மாணவர்களோடு படகில் ஏறி ஸ்ப்ரே ஆற்றில் போய்ச் சிறைச் சன்னலுக்கு அடியில் நின்று உள்ளே இருந்தவரோடு பேசினாராம். காவலாளிகளுக்குப் புரியக் கூடாதென்று லத்தீனில். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சொல்லிவைத்திருக்கிறார். பகலில் போலீசின் மகத்துவத்தை வகுப்பில் விளக்கிவிட்டு, ராத்திரி அதே போலீஸ் சுட்டுவிடுமோ என்று படகில் குனிந்து உட்கார்ந்திருந்த தத்துவவாதி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த ஹெகல் ஓரிடத்தில் முழி பிதுங்கினார். ஏழ்மை. சும்மா சோறு போட்டால் வாங்குகிறவன் மானம் போகிறது. வேலை கொடுத்தால் சரக்கு மிகுந்து சந்தை படுக்கிறது. படுத்தால் மறுபடியும் ஏழ்மை. கடைசியில், ஸ்காட்லாந்தில் செய்வதுபோல் ஏழைகளை அவர்கள் தலைவிதிக்கு விட்டுப் பிச்சை எடுக்கச் சொல்வதுதான் நேர்வழியாகத் தெரிந்திருக்கிறது என்று எழுதிவிட்டு, கப்பல் ஏறி வேறு தேசம் போய்க் குடியேறலாம் என்று கடலைக் காட்டினார். நம் ராமநாதபுரத்துச் சனங்கள் அவரைப் படிக்காமலே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தோணி ஏறினார்கள். தத்துவம் தெரியாதவனும் பசித்தால் அதே முடிவுக்குத்தான் வருவான்.

ஆனால் ஹெகல் இன்னொரு வழியும் வைத்திருந்தார். தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் நொடித்துப்போனால் சங்கம் தாங்கும். பிள்ளைகளைத் தொழிலுக்குத் தயார் பண்ணும். கொடுக்கிறவனுக்குத் திமிர் இருக்காது, வாங்குகிறவனுக்குக் கூச்சம் இருக்காது. சங்கம் இரண்டாவது குடும்பம். இதையும் அரசு மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனக்குத்தானே சுருங்கிப் பழைய சாதிக்கட்டுப் போல இறுகிப்போகும் என்றும் எச்சரித்தார். சாதி என்ற சொல் என்னுடையது. அவர் சொன்னது தொழிற்குழு. வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை.

புத்தகம் வந்த அந்தக் காலத்தில் பெர்லினில் அப்படிப்பட்ட சங்கங்கள் கிட்டத்தட்ட கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தன. பிரஷ்ய அரசே தொழில் சுதந்திரம் என்ற பெயரில் அவற்றின் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. ஹெகல் காகிதத்தில் எழுப்பிய கட்டடம் அச்சு அசலாக எழுந்து நின்ற இடம், அவர் கேள்விப்பட்டே இருக்க முடியாத விருதுபட்டி.

விருதுபட்டி 1923-ல்தான் விருதுநகர் ஆனது. கரிசல் மண், கந்தக வெயில். இங்கே விளைவது ஒன்றுமில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை இங்கேதான் என்று ஊரைப் பற்றிப் பெருமையாகவும் நக்கலாகவும் சொல்வார்கள். இன்றைக்கும் பத்திரிகையில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று வத்தல், உளுந்து, துவரம்பருப்பு, பாமாயில் விலை வரும். அன்றாடச் சாமான் விலையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார் ஹெகல். இங்கே மண்டிக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். அது வேறு விஷயம். யாருக்குச் சாதகமாகப் பார்த்தார்கள் என்று கேட்டால் ஊரில் டீ கூடக் கிடைக்காது.

19-ம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிப்போன நாடார் வியாபாரிகளுக்கு வழியில் கொள்ளை பயம். அதற்காக ஊருக்கு ஊர் பேட்டை கட்டினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் தங்கும் அடைப்பு. பேட்டையை நடத்த, வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டார்கள். அதுதான் மகமை. கணக்குப் பார்க்க உறவின்முறை என்ற சாதிச் சங்கம். பொறுப்பு முறை வைத்துக் குடும்பம் மாற்றிக் குடும்பம் சுற்றும்; அந்த முறை வருகிறவர் முறைகாரர். வசூலும் அவர்தான், தகராறுக்குப் பஞ்சாயத்தும் அவர்தான், அபராதம் போடுகிறவரும் அவர்தான். ஹெகலின் போலீசையும் சங்கத்தையும் ஒன்றாக்கி வேட்டி கட்டிவிட்டால் முறைகாரர்.

மகமைக் காசு கோயிலுக்கும் கிணற்றுக்கும் போக மிஞ்சியது பள்ளிக்கூடத்துக்குப் போனது. 1889-ல் க்ஷத்ரிய வித்யாசாலா. படிப்பு இலவசம், மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. மகமை போதாதபோது பெண்களிடம் போனார்கள். வீட்டில் உலைக்கு அரிசி களையும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு முறை ஆள் வந்து கலயத்தைக் கவிழ்த்துக்கொண்டு போவார். எந்த வீட்டுக் கலயம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது வந்த ஆளுக்குத் தெரியும். வந்த ஆளுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். ஃபிக்டே கனவு கண்ட கண்காணிப்பு சீட்டும் இல்லாமல் படமும் இல்லாமல் நடந்தது. உறவின்முறைக் கூட்டத்தில் வாய் திறக்க உரிமை இல்லாத பெண்கள்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அரிசி போட்டார்கள் என்பதை நூற்றாண்டு விழா மலர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

அந்தப் பள்ளியில் படித்து, அப்பா இறந்ததால் பாதியில் நின்று, மாமா ஜவுளிக் கடையில் உட்கார்ந்த பையன் 1954-ல் முதலமைச்சர் ஆனார். காமராஜருக்கு ஹெகல் தேவைப்படவில்லை, கலயம் தெரியும். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, அரசு கொஞ்சம், ஊர் கொஞ்சம் என்றுதான் உலை ஏறியது. உறவின்முறை செய்ததை அரசு செய்யத் தொடங்கியது. ஹெகல் இருந்திருந்தால் தன் புத்தகத்தில் ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி பிறக்கிறது என்று கண் கலங்கியிருப்பார். விருதுநகர் கண் கலங்கவில்லை; 1967-ல் ஒரு மாணவர் தலைவரை நிறுத்தி காமராஜரைத் தோற்கடித்தது.

இனி தென்மேற்கே, சிவகாசிக்கு. போலீசின் மறுபக்கத்தைப் பார்க்க 1899 ஜூன் 6-க்குப் போக வேண்டும். விசுவநாதர் கோயிலுக்குள் நாடார்கள் போகலாமா கூடாதா என்று பல வருடம் புகைந்த தகராறு அன்றைக்கு ஊரைக் கொளுத்தியது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரண்டு வந்து தாக்கினார்கள், இரு தரப்பிலும் உயிர் போனது, வீடுகள் சாம்பலாயின. சாவைப் பற்றி நகைச்சுவை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த சர்க்காரைப் பற்றி எழுதலாம். எல்லாம் எரிந்து முடிந்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தினார்கள். அதற்குத் தண்டப் போலீஸ் என்று பெயர். செலவு? ஊர்க்காரர்கள் தலையில் வரி. வீடு எரிந்தவனும் கட்ட வேண்டும். தெருவிளக்கில் தொடங்கிப் பிள்ளைகள் படிப்பு வரை போலீஸ் பார்க்கும் என்று எழுதியவர் ஹெகல். நம் ஊருக்கு வந்த போலீஸ் பில்லை மட்டும் கையில் கொண்டு வந்தது.

அடுத்த கால் நூற்றாண்டில் சிவகாசி சாம்பலிலிருந்து நெருப்பை எடுத்துத் தொழிலாக்கியது. 1922-ல் தீப்பெட்டி இறக்குமதிக்கு வரி ஏறியது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைப் பார்த்துக்கொண்டு வந்து, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து 1923-ல் தொழில் தொடங்கினார்கள். ஆக, ஜெர்மனியிலிருந்து சிவகாசிக்குத் தத்துவம் வரவில்லை, இயந்திரம் வந்தது. கொஞ்ச நாளில் இயந்திரத்தைவிட வெயிலும் கையும் மலிவு என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. தீக்குச்சியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி. 1940-ல் பட்டாசு செய்ய உரிமம் வேண்டும் என்று விதி வந்தது.

உரிமம் என்றதும் ஃபிக்டே கல்லறையில் புரண்டு படுத்திருப்பார். சிவகாசி வட்டாரத்தில் ஓர் ஆலையின் அந்தஸ்தை அதன் உரிமத்தை வைத்துச் சொல்வார்கள். பெரியது வெடிபொருள் துறைத் தலைமையகம் தரும் நாக்பூர் லைசென்ஸ். நடுத்தரம் சென்னை லைசென்ஸ். சின்னது டி.ஆர்.ஓ. லைசென்ஸ். மேலே 1884-ம் வருட வெடிபொருள் சட்டம், விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு, இன்னும் அமலில் இருக்கிறது. வெடிபொருள் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, வருவாய்த் துறை, தீயணைப்பு, போலீஸ், மாசு கட்டுப்பாடு. எண்ணிப் பாருங்கள், சரியாக அரை டஜன். 1801-ல் ஹெகல் கேலியாகச் சொன்ன அதே அரை டஜன்.

அவர்கள் கண்காணிக்க வேண்டிய இடம் ரொம்பச் சின்னது. ஒரு கலவை அறை. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்தாக வேண்டும். கலக்கிறவர் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டு, பருத்தித் துணியோடு, ரப்பர் விரிப்பில் கால் வைத்து உள்ளே போவார். அலுமினியப் பவுடர், கந்தகம், 2018-ல் தடை வரும் வரை பச்சை உப்பும். கலந்த மருந்தை அன்றைக்கே காலி பண்ணிவிட வேண்டும். மிஞ்சியது மறுநாள் எமன். அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோதான் என்று விதி உண்டு. தீபாவளி ஆர்டர் குவிந்ததும் உரிமம் வாங்கினவர் அறைகளைப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவார். அறை போதாவிட்டால் வேப்ப மரத்தடி. பிறகு ஒரு நாள் 'மருந்து உராய்வு' என்று செய்தி வரும். அதன் கடைசி வரியை அச்சகத்தில் பிளாக்காகவே செய்து வைத்திருக்கலாம்: போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் ஆலை மூடியிருந்தது, மருந்துக்கு அது தெரியவில்லை.

நீதிமன்றமும் ஹெகல் வேலை பார்த்தது. தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் கொடுத்த தீர்ப்பு, குழந்தைகள் ஆபத்தான வேலையில் வேண்டாம், பெட்டி அடுக்கலாம், பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது கொடுங்கள் என்றது. குழந்தை என்றால் 0.6 ஆள் என்று கணக்கு. அடுத்து 1996 டிசம்பர் 10-ல் அதே வழக்கில் குரல் மாறியது: ஆபத்தான தொழிலில் பிடிபட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிடி அரிசி போட்டுப் பள்ளிக்கூடம் நடத்திய அதே மண்ணில், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு விலை போட டெல்லி வர வேண்டியிருந்தது.

ஃபிக்டேக்கு முழு வெற்றி 2018-ல் கிடைத்தது. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தார்கள். தாண்டி வெடித்தவர்கள் மீது வழக்கு. எந்தக் குடிமகன் எந்த நேரத்தில் குருவி வெடி கொளுத்துகிறான் என்பது போலீசுக்கு ஏறக்குறையத் தெரிந்திருந்தது. எங்கே உள்குத்தகை ஓடுகிறது என்பது மட்டும் அவ்வளவு சுலபத்தில் தெரிவதில்லை.

ஹெகல் 1831 நவம்பர் 14-ல் இறந்தார். காலரா என்று சான்று எழுதினார்கள். காலராவில் செத்தவரை இரவோடு இரவாக, ஊர்வலம் இல்லாமல், தனி மயானத்தில் புதைக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார விதி. அவரே மெச்சிய போலீஸ் விதி. நண்பர்கள் பெரிய இடத்தில் சொல்லி விலக்கு வாங்கி, பகலில் ஊர்வலமாக எடுத்துப்போய், அவர் ஆசைப்பட்ட இடத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த இடம் ஃபிக்டேக்குப் பக்கத்தில். விதி எல்லாருக்கும், விலக்கு வேண்டியவர்களுக்கு என்பது விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் கண்டுபிடித்தது அல்ல.

ஹெகலுக்கும் உறவின்முறைக்கும் மார்க் போடச் சொன்னால் நான் இப்படிப் போடுவேன். தெருவிளக்கு, விலை, பள்ளிக்கூடம் வரை ஹெகலுக்கு நல்ல மார்க். மகமைக்கும் கலயத்துக்கும் உறவின்முறைக்கு அதைவிட நல்ல மார்க். ஆனால் ஹெகல் புத்தகத்தின் 252-ம் பத்தியில் சங்க உறுப்பினர் யார் என்று சொல்லும்போது, தினக்கூலி அதில் சேரமாட்டான் என்று பிரித்து வைத்திருக்கிறார். உறவின்முறையிலும் முதலாளிக்கு இடம் உண்டு. கலவை அறையில் நிற்கும் வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கூலியாளுக்குப் பெரும்பாலும் அந்தச் சாதியும் இல்லை, அந்தப் பேரேட்டில் பெயரும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் இருவரும் பெயில். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் அமைந்தது 2020-ல்.